சாவடியில் சொன்ன பேர்

நெல் விலை விழுந்த வருஷம் இரங்கூனில் பாதி மில்களுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கிய மில்லும் அதில் ஒன்று. இன்சீன் ரயில் பட்டறை வரைக்கும் நடந்தே போய்க் கேட்டுப் பார்த்தார். ஆள் வேண்டாமாம். ஆறு மாதம் மனுஷன் சோற்றைக்கூடப் பிசைந்து பிசைந்து வைத்துவிடுவார், இறங்காது.

அந்தச் சமயத்தில் நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் தெருவுக்கு நின்ற பெரிய மனுஷருக்காக ஓட்டுப் பிடித்தவர் சின்னத்தம்பி மேஸ்திரி. மனுஷர் மயானத்திலிருந்துகூட ஆள் கூட்டி வருவார். சொந்த வீட்டுக்கு வரி கட்டிக்கொண்டிருந்த கமலாட்சி என்ற விதவை அந்த ஆனியில் காலராவில் போய்விட்டாள். பட்டியலில் அவள் பேரை இன்னும் அடிக்கவில்லை. அவளாகப் போய் நான் ஓட்டுப் போட வேண்டும். போட்டால் என் வீட்டுக்காரருக்கு நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பார்க்கிற வேலை.

"அவ புருஷன் பேரும் ஒன் புருஷன் பேரும் ஒண்ணுதான் தைலம்மா. மறக்கவே மறக்காது பாரு," என்றார் மேஸ்திரி, ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதுபோல.

கட்டையில போறவர்! பதினெட்டு வருஷத்தில் அந்தப் பேரை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாளே, இதுகூடவா தெரியாது? ஆனால் வேலை என்றதும் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

பொட்டை அழித்து, தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு ஓட்டுச் சாவடிக்குப் போனேன். பர்மாக்காரக் குமாஸ்தா மரியாதையாகத்தான் கேட்டார். பொம்பளைகளுக்கு அவர்கள் போடுகிற ‘மா’வைச் சேர்த்து, மா கமலாட்சியா என்றார், தலையாட்டினேன். புருஷன் பேர் என்ன என்றார். நாக்கு எழும்பவில்லை. எதிர்த்து நின்றவருக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த தஸ்தகீருக்கு நம் வழக்கமெல்லாம் அத்துப்படி. என்னையே பார்த்தார்.

"இவ்வளவு கூசுதே, புருஷன் உசிரோட இருக்காரு போலயே," என்றார்.

குமாஸ்தா பேனாவை நிறுத்தினார். புருஷன் பேர் என்ன, உயிரோடு இருக்கிறாரா என்று திரும்பக் கேட்டார். பேரைச் சொன்னேன்.

"செத்துப் போயிட்டாரு," என்றேன்.

பயத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சன்னலுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக இவர் நின்றுகொண்டிருந்தார். ஓட்டுச் சீட்டை என் கையில் கொடுத்தார்கள்.

பெரிய மனுஷர் ஜெயித்தார். பட்டாசு வெடித்து, மாலை போட்டு, ஊரெல்லாம் சுற்றி வந்தார்கள். குழாய் வேலை மேஸ்திரியின் மச்சானுக்குப் போயிற்று. இவர் போய்க் கேட்டதற்கு, அடுத்த தேர்தல் வரட்டும் பார்க்கலாம் என்றாராம் மேஸ்திரி. நாசமாய்ப் போக.

அன்றைக்கு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டுங்கள் என்றேன். இவருக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. பாயில் வந்து உட்கார்ந்தார்.

"போனாப் போகுது விடு புள்ள. இப்ப ஒரு தடவை பேரச் சொல்லிக் கூப்புடு. உசிரோட இருக்கறவன கூப்புடற மாதிரி."

வாயைத் திறந்தேன். நகராட்சிக்காரனிடம் வந்த பேர் இவரிடம் வரவில்லை. மறுபடியும் முயன்றேன், காற்றுத்தான் வந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பரவாயில்லை என்றார்.