முதல் கோப்பைக்கு முன்

...பத்துப் பேர், மொத்தமே பத்துப் பேர்தான், அதில் பாதிப் பேரைப் பிறந்ததிலிருந்து தெரியும், பிறகு எதற்கு இந்தக் கழிவறையில் இருபது நிமிடமாகக் கை கழுவிக்கொண்டிருக்கிறாய், லான்டிங்? முப்பத்துநான்கு வயது உனக்கு... அப்பாவின் அறுபத்தாறாம் பிறந்தநாள் விருந்து, வெய்ஃபாங் நகரத்திலேயே பெரிய உணவகம், அறுபத்தாறுக்கு மகள் கையால் அப்பா தட்டில் இறைச்சித் துண்டு வைப்பது எங்கள் வழக்கம், வைத்தாயிற்று, இனி பயமெல்லாம் என் மகள் கெஹானுக்காகத்தான். ஆறு வயதுக் குழந்தை எழுந்து நின்று மேசையில் உள்ள ஒவ்வொருவரையும் தாத்தா, மாமா என்று முறை சொல்லிக் கூப்பிட வேண்டும், ஒன்று மாறினாலும் சிரிப்பார்கள். அதே வயதில் நான் நின்றேன், நாக்கு ஒட்டிக்கொண்டது, அப்பா மேசை அதிரக் கேட்டார், "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?" இன்றைக்கும் காது சுடுகிறது. காலையில் கெஹானுக்குத் தலை பின்னும்போது சத்தியம் செய்தேன், உன்னை யாரும் கூப்பிடச் சொல்ல மாட்டாங்க, அம்மா பார்த்துக்கறேன்.

வெளியே வந்தால் பின்படிக்கட்டில் யாரோ முணுமுணுக்கும் சத்தம்... அப்பா. எந்த விருந்திலும் கதவைப் பார்த்த தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, முதல் கோப்பையைத் தூக்கி வாழ்த்துப் பேசி எல்லாரையும் சிரிக்கவைக்கும் என் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு, பேச வேண்டியதை எழுதிய ஒரு சீட்டைக் கையில் வைத்துப் படிக்கிறார், சட்டை முதுகோடு நனைந்திருக்கிறது. "எதுக்குப் பூனை மாதிரி வர்றே?" என்றார். "அப்பா, நீங்களா..." "முதல் கோப்பைக்கு முன்னாடி எப்பவும் இப்படித்தான். உங்கம்மாகிட்ட சொல்லிவைக்காதே. உன் தாத்தாவுக்கு இதைவிட மோசம், வாந்தியே எடுப்பாரு." சீட்டை மடித்தார், முகத்தைத் துடைத்தார், போய்விட்டார், அடுத்த நிமிடமே உள்ளே அவருடைய சிரிப்பு. அப்படியானால் என்னை ஏன்... தெரிந்தே ஏன்? கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா, ஒன்றும் புரியவில்லை. உள்ளே இருப்பவர்களில் இன்னும் எத்தனை பேர் சட்டைப்பையில் சீட்டு?

போய் உட்கார்ந்ததும் அப்பாவின் நண்பர் தெங் கோப்பையைக் கீழே வைத்தார். "பேத்தி வாயே திறக்கலையே, எந்திரிச்சு எங்களை முறை சொல்லிக் கூப்பிடு பாப்போம்." கெஹான் எழுந்தாள், என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள், சத்தமே வரவில்லை, பத்து முகங்களும் அவளை விட்டு என் பக்கம் திரும்பின, பிள்ளை வளர்த்த லட்சணம் என்று பார்க்கின்றன, சொல், அவள் கூப்பிட வேண்டாம் என்று சொல், ஒரே ஒரு வாக்கியம்தான்... காது சுடுகிறது, யாரோ பேசிவிட்டார்கள், கணீரென்று, சிரித்தபடி, "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?" மேசையே சிரித்தது. அது என் குரல். கெஹான் என் விரல்களை விட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.