கஸ்பாரின் நேர்த்தி

சூறாவளி அடித்த மறுவருடம் செப்டெம்பரில், ஆயித்தியமலை மாதாவின் திருநாளுக்குக் கல்முனையிலிருந்து ஒரு பஸ் புறப்பட்டது. ஆட்களைச் சேர்த்தவர் அழகரெத்தினம் மாஸ்டர். பஸ் கல்முனைக்குடிக் காலிதீனுடையது, ஓட்டியதும் அவர்தான். தச்சுவேலை செய்யும் கஸ்பாரும் மனைவி திரேசம்மாவும் மகள் ஜெசிந்தாவும் சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தாவுக்குப் பத்தொன்பது வயது. பசாரில் ஒரு கடைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். அன்று வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள். திருநாளுக்கு என்று சொல்லி அப்பா வாங்கி வந்தது. சேலைக்குரிய சட்டையை அவளே தைத்திருந்தாள்.

கல்லாற்றுப் பாலம் தாண்டும்போது செபமாலை முடிந்தது. மாஸ்டர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இண்டைக்கு நமக்கெல்லாம் பெரிய சந்தோசம். புயலுக்குள்ள கிடந்து நம்மட கஸ்பார் ஒரு நேர்த்தி வெச்சவர். குடும்பம் தப்பினா மகளை மாதாவுக்குக் குடுக்கிறன் எண்டு. இண்டைக்குப் பீடத்தில ஒப்புக்குடுக்கப் போறார். அடுத்த மாசம் பிள்ளை கன்னியர்மடத்துக்குப் போறா."

பஸ் முழுக்கக் கை தட்டியது. பின்னாலிருந்து ஒரு பெண் எட்டி, ஜெசிந்தாவின் தலையைத் தடவி முத்தமிட்டாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவளுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"என்னப்பா இது?"

கஸ்பார் யன்னலுக்கு வெளியே பார்த்தார். வழியெல்லாம் தலை முறிந்த தென்னைகள் நின்றன.

"பிறகு கதைப்பம், மகள்."

"ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு எனக்கு மட்டும் பிறகா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். "எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றாள் திரேசம்மா.

"மாதா காப்பாத்தின உயிர், பிள்ளை" என்றார் மாஸ்டர். "கோவப்படாத. எத்தின பேருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?"

"சுவர் விழுந்து நாங்க மூணு பேரும் அமந்து கிடக்கக்குள்ள அலவாங்குக் கம்பியோட வந்தது ஆரு மாஸ்டர்? இந்தக் காலிதீன் காக்கா. அந்தக் காத்துக்குள்ள கல்லுக் கல்லாக் கிளப்பி எங்களை இழுத்தெடுத்தார். அவருக்கு அப்பா ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரா எண்டு கேளுங்க."

"என்னை இதுக்குள்ள இழுக்காத தங்கச்சி" என்றார் காலிதீன், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காப்பாத்தினவன் அல்லாஹ்." கொஞ்சத் தூரம் போனபின், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்: "ஆனா, புள்ளயிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

வெள்ளைச் சேலை ஜெசிந்தாவின் உடம்பில் தீயாகக் கிடந்தது. அந்தச் சட்டைக்குக் கொக்கி வைத்துத் தைத்தபோது அப்பா பக்கத்தில் நின்று, "வடிவாத் தை" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அப்போதுகூட நேர்த்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை அந்த மனுசன்.

ஆயித்தியமலையில் சனம் நெரிந்தது. பூசை முடிந்து, நேர்த்திக்காரர்கள் பீடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். கஸ்பார் ஒரு கையில் பெரிய மெழுகுதிரியையும் மறு கையில் மகளின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு போனார். பாதர் முன்னால் வந்ததும் ஜெசிந்தா கையை உதறினாள்.

"நான் வரமாட்டன்."

"மாதாவுக்கு முன்னால என்னை வெட்கப்படுத்தாத."

"நேர்த்தி உங்கட. கட்டுறதும் நீங்களே கட்டுங்க. போய் மடத்தில சேருங்க. என்ட உயிரை வெச்சுப் பேரம் பேச உங்களுக்கு ஆர் சொன்ன?"

கஸ்பார் அவள் கன்னத்தில் அறைந்தார். வரிசை அப்படியே நின்றது.

திரேசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருசனை ஒருநாளும் ஒருமையில் அழைக்காதவள். மெழுகுதிரியை அவர் கையிலிருந்து பறித்து, முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தாள்.

"பத்து மாசம் சுமந்தது நான். என்னைக் கேட்டியா நீ? கேட்டியா?"

"இஞ்ச சத்தம் போடாதீங்க" என்று பாதர் அதட்டினார். பிறகு ஜெசிந்தாவிடம், "உனக்கு விருப்பமா?" என்று கேட்டார்.

"இல்ல பாதர்."

"விருப்பமில்லாத பிள்ளையை மடத்தில எடுக்கமாட்டாங்க, கஸ்பார். தள்ளி நில்லுங்க." அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

திரும்பும் வழியில் சோற்றுப் பார்சல் கொடுத்தபோது மாஸ்டர் இவர்களின் பக்கம் வரவில்லை. "பயணமே பாழாப் போச்சு" என்று யாரோ முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள், அந்தக் குரல் அடங்கும் வரைக்கும். தாயும் மகளும் ஓர் ஆசனத்தில் இருந்தார்கள். கஸ்பார் பின்னால் போய் இருந்தார்.

பொழுது சாயக் கல்முனையில் இறங்கினார்கள். கஸ்பார் அருகில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மாதாவுக்கு முன்னால என்னைப் பொய்யனாக்கிப்போட்டாய்."

"என்னை ஏமாத்திக் கூட்டிப்போனது நீங்க. ஒரு பொய்யில தொடங்கின பயணம் அப்பா இது."

திங்கட்கிழமை அவள் வழக்கம்போலக் கடைக்குப் போனாள். வெள்ளைச் சேலையை வெட்டி, தலையணை உறை தைத்தாள். கிறிஸ்மஸ் வரைக்கும் கஸ்பார் மகளுடன் கதைக்கவில்லை. அவளும் வலியப்போய்க் கதைக்கவில்லை.