கார்னெட்டும் தீர்த்தமும்

காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துரு நீக்கும் பிளாஸ்டிங் வேலையில் டயானா தனியாக எடுத்த முதல் படகு, சிலுவை அண்ணாச்சியின் இரும்புப் படகு. பெயிண்ட் கம்பெனி இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்றால்தான் மேலே பெயிண்ட் ஏறும். இல்லையென்றால் வேலை கைமாறிவிடும். மீன்பிடித் துறைமுகத்தில் பாதிப் பேர் அதற்காகவே காத்திருந்தார்கள், நல்ல மனசுக்காரர்கள்.

"கடக்கரை பூரா மணல் கெடக்கு. அள்ளி அடிச்சாப் போதாதா?" என்றார் அண்ணாச்சி.

"அதுல உப்பு இருக்கு, அண்ணாச்சி. இரும்புல ஏறிரும். தூசி நெஞ்சுக்குள்ள போனா நாந்தான் இருமிக்கிட்டுக் கெடக்கணும்."

காப்பர் கசடு வாங்கலாம்தான். ஆனால் அதன் கருந்துகள்கள் தகட்டில் குத்தி நின்றுகொள்ளும். கார்னெட் என்னும் சிவப்புக்கல் மணல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சிவப்பு மணிகள் சீறியடித்ததில் பழைய துருவெல்லாம் உதிர்ந்து, படகு புதுச் சில்வர்ப் பானை மாதிரி வெளுத்தது. திருப்தியாக டீ குடிக்கப் போனாள். போயிருக்கக் கூடாது.

அண்ணாச்சியின் மனைவி அமலோற்பவம் படகின் அழகைக் கண்டு பூரித்து, கோயில் தீர்த்தத்தைத் தொட்டு முகப்பில் முழ நீளத்துக்குச் சிலுவை போட்டிருந்தாள். மந்திரித்த உப்புக் கலந்த தீர்த்தம். டயானா திரும்பியபோது சிலுவை பழுப்பாகத் துருவேறியிருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீக மாமி! கழுவித் திரும்ப அடிக்கணும்."

"ஏளா, மாதா பேரச் சொல்லிப் போட்ட சிலுவைய அழிப்பியா? கை வெளங்காது!"

இன்ஸ்பெக்டர் ஸ்ரீவைகுண்டம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. டயானாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நா அழிக்கல. உப்பு உள்ள இருந்தா பெயிண்டு கொப்பளிச்சு, தகடு ஓட்டையாயிரும். அண்ணாச்சி இதுலதான கடலுக்குப் போறாக? போட்டது நீங்க, எடுக்கதும் நீங்களே எடுங்க."

அமலோற்பவம் புருஷனைப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "எங்க அந்த முகமூடி?" என்றாள்.

நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தார்கள். முகமூடியும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு அவள் குழாயைப் பிடிக்க, டயானா பின்னால் நின்று தாங்கினாள். கம்பரசர் உறுமியது, பழுப்பு பறந்தது.

இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாள் வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்தார். முகப்பில் உப்புச் சோதனையும் செய்தார். "சுத்தமா இருக்கு. பெயிண்ட் அடிக்கலாம்."

டயானாவுக்கு உயிர் வந்தது. சந்தோஷம் தாங்காமல் அண்ணாச்சி முகப்பைத் தடவப் போனார். அமலோற்பவம் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதேயும்! வேர்வையில உப்பு கெடக்கு. மாதாவே தன் சிலுவைக்குப் பெயிண்டு காயட்டும்னு காத்திருக்கா, ஒமக்கு என்ன அவசரம்?"