பதினேழாவது வரி

1

இந்தக் கதை எதில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பொய்யில். நகராட்சியில் இறப்புப் பதிவு குமாஸ்தாவாக இருந்தபோது நான் எழுதிய முதல் கதை ஒரே வரி. அரசாங்கமே முத்திரை குத்தி வெளியிட்டது. பிறகு எத்தனையோ எழுதினேன். எதற்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

எந்த நகராட்சி என்று கேட்காதீர்கள். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமாஸ்தாவின் பெயர் இனிமேல் ஜான்சன். ‘நான்’ என்றே எழுதிக்கொண்டு போனால் பென்ஷனுக்கு ஆபத்து.

2

கரைபுரண்டு சீறி வந்த பாலாறு— (வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

நாற்பது வருடங்களுக்கு முன் பாலாற்றில் தண்ணீர் வந்தது. சிரிக்காதீர்கள், நான் சொல்வதில் இது நிஜம். பதினேழு பேர் செத்தார்கள். ஜான்சன் பதினேழு பெயரையும் எழுதி முடித்த மறுநாள், வெள்ளம் அலுவலகத்துக்குள்ளேயே வந்து பதிவேட்டை நனைத்துவிட்டுப் போனது.

தோல் தொழிற்சாலை மேஸ்திரி அப்துல் வஹாப் அவருடைய தோஸ்த். “இன்னாத்துக்குப் பேஜாராவுற ஜான்சா? தோலே காயுது, காயிதம் காயாதா?” என்றார். ஈரத்தோலை விரித்துக் கிளிப் மாட்டும் சட்டத்தில் பக்கங்களை மாட்டினார்கள். காய்ந்தது. (அதற்குப்பின் அந்தப் பதிவேட்டோடு தெருவில் நடந்தால் பதினோரு நாய்கள் பின்னால் வரும். ஆடிட் அன்றைக்குப் பன்னிரண்டு.)

பதினாறு வரிகளைப் படிக்க முடிந்தது. பதினேழாவதில் ‘பெண்’ என்ற சொல் மட்டும் மிச்சம். மேலதிகாரியோ திங்கட்கிழமைக்குள் நகல் கேட்டார், காலியிடம் இல்லாமல். ஜான்சன் எவ்வளவோ யோசித்தார். ஞாபகம் வரவில்லை. பேனா தானாக எழுதியது: ஹெலன், வயது 22, தோல் தொழிற்சாலைத் தொழிலாளி.

3

உமைமா, ஆராய்ச்சி மாணவி, கண்களில் கனவு மின்ன— (அடித்துவிட்டேன். வேலூர் மே மாதத்தில் கண்களில் வியர்வைதான் மின்னும்.)

ரிட்டயராகி வீட்டில் இருக்கும் ஜான்சனைத் தேடி ஸ்கூட்டரில் வந்தாள். முதலில் தண்ணீர் கேட்டாள். வெள்ளத்திலும் வெயிலிலும் செத்தவர்களைப் பழைய பதிவேடுகளில் தேடி எடுத்து, யார், எந்தத் தெரு, என்ன வேலை என்று வரைபடத்தில் புள்ளி வைக்கிறாளாம். அடுத்த தடவை எச்சரிக்கை அந்த இடங்களுக்கு முதலில் போகவேண்டுமாம்.

“பதினேழுல ஆறு பேரு தோல் கம்பெனி லேடீஸ், அங்கிள்.”

“ஆறா? ஒண்ணு ஜாஸ்தியா இருக்கே.”

“உங்க கையெழுத்துதானே?”

“கையெழுத்து என்னுதுதான்.”

“அப்புறம் இன்னா? ஹெலனோட அக்காவே கெடைச்சிட்டாங்க. நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்.”

ஜான்சனுக்கு டீ மூக்கில் ஏறியது. தான் உண்டாக்கிய ஆளுக்கு, தன்னைக் கேட்காமலே, ஓர் அக்கா!

4

ஜாஸ்மினுக்கு அறுபத்தைந்து வயது. கையில் அந்தப் பக்கத்தின் நகல்.

“வேலைக்குப் போனவ வரல சார். அரக்கோணத்துல ரயிலேறி எவன்கூடவோ ஓடிட்டான்னாங்க. எங்கம்மா அவ போட்டோவ அடுப்புல போட்டுச்சி. நாப்பது வருஷம்! இப்போ இந்தப் பேப்பர எடுத்துகினு ஒவ்வொரு ஊடா ஏறி எறங்கப் போறேன். வயசு இருபத்திரெண்டு, கரெக்டா எழுதியிருக்கீங்க.”

(குறிப்பு: பேனாவுக்கு உண்மையிலேயே ஞாபகம் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு ஹெலன் இருந்ததாகவும் இருக்கலாம். கதாசிரியனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை.)

“அவளப் பாத்தீங்களா சார்?” என்று கேட்டார் ஜாஸ்மின்.

5

முடிவு அ: ஜான்சன் உண்மையைச் சொல்கிறார். உமைமா ஹெலனின் பெயரை அடிக்கிறாள். ஹெலன் மறுபடி அரக்கோணத்தில் ரயிலேறுகிறாள்.

முடிவு ஆ: “பார்த்தேன்மா, முகத்துல ஒரு காயம்கூட இல்ல” என்கிறார். இந்த வகை வாக்கியம் எனக்குக் கைவந்த கலை. ஆனால் அந்த ‘பெண்’ வேறு யாரோ என்றால், அவளைத் தேடி இனி யாரும் வரமாட்டார்கள்.

முடிவு இ: ஜான்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு

(மூன்று நாளாக இந்த வாக்கியத்தில்தான் நிற்கிறேன். நாற்காலியை உங்களுக்கு விட்டுத்தருகிறேன், உட்காருங்கள். உமைமா எதிரே பேனாவைத் திறந்து வைத்திருக்கிறாள்.)

ஜாஸ்மின் இன்னொரு தடவை கேட்கிறார்: “சொல்லுங்க சார். அவளப் பாத்தீங்களா?”

சார் என்பது இப்போது நீங்கள்.