யோன் செய்த அறுபது தோட்டாக்கள்

யோன் ஆறு மான் சுட்டவன் என்பது குவேக்கர்ஸ் ஹில் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த செய்தி. மீதிப் பேருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அவர்கள் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு அவனை இன்னும் யாரும் கூப்பிடவில்லை என்பதுதான்.

உண்மையில் அவன் ஒரு மானும் சுட்டதில்லை. துவக்கு லைசென்ஸ் எடுத்த மூன்று வருடத்தில் மூன்று தரம் வேட்டைக்குப் போயிருந்தான். முதல் தரம் மழை. இரண்டாம் தரம் ஒரு கங்காரு பத்து நிமிடம் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்பதுபோலத் திரும்பிப் போனது. மூன்றாம் தரம் அதிகாலைப் பனிக்குள் அவன் சுட்டது ஒரு மரக்குற்றியை. குறி தவறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொய் வளர்ந்த விதம் சாதாரணமானது. ஒரு ஞானஸ்நான விருந்தில் யாரோ, "என்ன யோன், ஏதும் விழுந்ததோ?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றால் மழையையும் கங்காருவையும் விளக்க வேண்டிவரும். "ஒண்டு" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்திலும் ஒவ்வொரு மான் விழுந்தது.

ஆறாவது மான் விழுந்த விருந்தில்தான் கமலேஸ்வரி அன்ரி கதிரையை இழுத்துக்கொண்டு வந்து அவனுக்கு முன்னால் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபத்திரண்டு வருடம் மருந்து எண்ணிக் கொடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன் கோல்பேர்ன் பக்கம் முப்பது ஏக்கர் காணி வாங்கி, எண்பது அப்பிள் கன்று நட்டிருந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு துவக்குப் பார்த்துத் தயார்பண்ணித் தாரும். லைசென்ஸ் எடுத்திட்டன்."

யோனுக்கு வாயில் இருந்த றோல்ஸ் இறங்கவில்லை. "நீங்களோ அன்ரி? அங்கிள் இல்லையோ?"

"அவர் துவக்கெண்டு சொன்னாலே எழும்பிப் போய்க் கதவைப் பூட்டுவார். அது அவரின்ரை பிழையில்லை. ஊரிலை துவக்கைக் கண்டு ஓடின ஆக்கள்தானே நாங்கள் எல்லாரும். ஆனா எண்பது கன்றிலை முப்பத்தொண்டை மான் முடிச்சிட்டுது, தம்பி. வேலி போட்டன், பாய்ஞ்சு வருகுது. இனி என்னாலை ஓட ஏலாது." அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை. "ஆறு மான் சுட்ட ஆள் பக்கத்து றோட்டிலை இருக்கேக்க நான் ஏன் வெளியிலை தேடவேணும்?"

நேர்மையான மனிதன் ஒருவன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். யோன் சொன்னது இது: "தோட்டாவும் கடையிலை வாங்காதேங்கோ அன்ரி. உங்கடை துவக்குக்கெண்டு நானே கையாலை செய்து தாறன்."

யோனுக்கு வேலை செவன் ஹில்ஸில், பம்புகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். ஒரு துண்டு மற்றத் துண்டுக்குள் சரியாகப் பொருந்துகிறதா என்று அளந்து, பொருந்தாததைச் சிவப்புப் பெட்டியில் எறிவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அதனால் தோட்டா செய்வது தனக்குப் பிறவியிலேயே வந்த கலை என்று அவன் நம்பியிருந்தான். கராஜில் அதற்கென்று ஒரு மேசை, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளை அமத்தும் கைப்பிடி இயந்திரம், வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசு எல்லாம் வைத்திருந்தான். தாடிக்காரர் ஒருவரின் வீடியோக்களைப் பார்த்து, சாம்பியன்கள் எப்படிச் செய்கிறார்களோ அப்படியே செய்வான். சாம்பியன் இல்லையே தவிர, சாம்பியன்கள் கட்டுவதுபோல ஒரு ஏப்ரன் இருந்தது.

"கார் மழையிலை நிக்குது, கோது கராஜுக்குள்ளை சொகுசா இருக்குது" என்று மனைவி அன்னமலர் கதவடியில் நின்று சொன்னாள்.

"நுணுக்கமான வேலை அன்னம். உனக்கு விளங்காது."

"விளங்காமலே இருக்கட்டும்."

அன்ரி தெரிவுசெய்த துவக்கு செகண்ட்ஹாண்ட். கடைக்காரரிடம் இருந்தது. முதல் துவக்கு என்பதால் அனுமதிப் பத்திரம் வர இருபத்தெட்டு நாள் காத்திருக்க வேண்டும். யோனால் அவ்வளவு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. தன் துவக்கால் சுட்டு முடித்த வெற்றுக் கோதுகளில் அறுபதைத் தெரிந்தெடுத்து, கழுவி, தங்கம்போல மினுக்கினான். வீடியோத் தாடிக்காரர் சொன்னபடி கோதின் கழுத்தை மட்டும் அமத்தினான், உடம்பைத் தொடவில்லை. மருந்தை ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டான். கோதின் வாயில் பாயும் குண்டான ரவையைப் பொருத்தினான்.

அன்ரி தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "துவக்கு வந்தாப்பிறகு செய்யலாமே, தம்பி? அளவு பார்க்கத் தேவையில்லையோ?"

"கலிபர் ஒண்டுதானே அன்ரி. என்ரையும் முந்நூற்றெட்டு, உங்கடையும் முந்நூற்றெட்டு."

"எங்கடை வேலையிலை, பேர் ஒண்டாயிருந்தாலும் போத்தலைத் திறந்து பார்ப்பம்" என்றார் அன்ரி. யோன் சிரித்தான். பாவம், மருந்துக்கடை மூளை என்று நினைத்தான்.

துவக்கு வந்தது. அன்ரி அதைப் பூட்டிய பெட்டியில் கொண்டுவந்தார். யோன் செய்த வேலைகளில் சரியாக அமைந்தது இதுதான் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. அன்ரியின் கை குட்டை; துவக்கின் கட்டை நீளம். பின்கட்டையை ஒன்றரை அங்குலம் அளந்து வெட்டி, தோளில் இடி தாங்கும் றப்பரை மறுபடி பொருத்தினான். குழலைத் துடைத்தான். அன்ரியைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச்சொல்லி, துவக்கைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறக்கச்சொல்லி, முழு வட்டமும் தெரியும்வரை குறிபார்க்கும் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கினான்.

"ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்ப்பமோ?" என்று அன்ரி கேட்டார்.

"வீட்டுக்குள்ளை தோட்டா போடக்கூடாது அன்ரி. அதுதான் முதல் பாடம்."

பாடம் சரி. ஆனால் மருந்தில்லாத வெறும் தோட்டா ஒன்றைச் செய்து பொருத்திப் பார்க்கலாம் என்ற இரண்டாம் பாடம் ஆசிரியருக்கு நினைவில்லை.

சனிக்கிழமை காலை சுடுகளத்தில் பதினெட்டுப் பேர் வரிசையாக மேசைகளில் இருந்தார்கள். யோன் தோட்டாப் பெட்டியை, பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியும் விதமாகத் திறந்தான். அறுபதும் மினுங்கின. "ஹோம் மேட்?" என்று அந்த மனிதர் கேட்டார். "கஸ்டம் மேட்" என்றான் யோன்.

அன்ரி ஒரு தோட்டாவை உள்ளே வைத்து, பூட்டுத்தண்டை முன்னுக்குத் தள்ளினார். அது முக்கால்வாசி போய் நின்றது.

"இறுகுது, தம்பி."

"புதுக் கோதெல்லாம் அப்பிடித்தான்." அவை புதுக் கோதுகளும் அல்ல. "கொஞ்சம் பலமாத் தள்ளுங்கோ."

"நான் மாட்டன்" என்று அன்ரி கையை எடுத்துவிட்டார்.

யோன் தள்ளினான். உள்ளங்கையால் அடித்தான். பூட்டு மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. உள்ளே வெடிக்கத் தயாரான தோட்டா ஒன்று சிக்கிக்கொண்டது. அவன் கையை உயர்த்தினான். களப் பொறுப்பாளர், சிவப்புச் சட்டை போட்ட ஒரு வயதானவர், விசிலை ஊதினார். "சீஸ் ஃபயர்!" பதினெட்டுப் பேரும் துவக்கை வைத்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய்நின்று, யோனைப் பார்த்தார்கள்.

பொறுப்பாளர் குழலை மண்மேட்டுப் பக்கம் வைத்தபடியே, பொறுமையாக, ஐந்து நிமிடத்தில் அதை விடுவித்தார். தோட்டாவை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார்.

"இந்தக் கோது வேறை துவக்கிலை சுட்டதோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னுடையதில்."

"கழுத்தை மட்டும் அமத்தினாயோ?"

"ஓம்" என்று யோன் தமிழிலேயே சொல்லிவிட்டான்.

கிழவருக்கு அதற்குமேல் கேட்கத் தேவை இருக்கவில்லை. வெடிக்கும்போது கோது விரிந்து, சுட்ட துவக்கின் உட்புறத்துக்கு அச்சாகிவிடும் என்றார். உடம்பையும் அமத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவராவிட்டால் இன்னொரு துவக்குக்குள் போகாமல் போகலாம். அழகான வேலைதான், ஆனால் இந்த அறுபதும் உன் துவக்குக்கு மட்டும்தான், மேட். இதை அவர் சத்தம்போட்டுச் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. பதினெட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு துண்டு மற்றத் துண்டுக்குள் போகுமா என்று பார்க்கச் சம்பளம் வாங்கும் மனிதன், திறந்துவைத்த தோட்டாப் பெட்டியை மூடினான். தொழிற்சாலையாக இருந்தால் தன்னையே தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டிருப்பான்.

அன்ரி கன்ரீனுக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பெட்டித் தோட்டா வாங்கிவந்தார். பூட்டு வெண்ணெய்போல மூடியது. ஸ்கோப்பைச் சரிசெய்தபின், நூறு மீற்றரில் அவர் சுட்ட மூன்றும் ஒரு ஐம்பது சத நாணயத்தால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன.

திரும்பிவரும்போது காரில் அன்ரி கேட்டார். "தம்பி, கோபிக்காதையும். அந்த ஆறு மானும் எப்ப சுட்டனீர்?"

யோன் றோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒண்டும் சுடேல்லை அன்ரி. ஒரு மரக்குற்றிதான்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அப்ப நாங்கள் ரெண்டுபேரும் புதுசு" என்றார் அன்ரி. "தெரிஞ்சது நல்லது. இனி நீர் சொல்லுறதை எல்லாம் நான் சரிபார்ப்பன்."

மே மாதத்தில் ஒரு பின்னேரம் இருவரும் கோல்பேர்ன் காணியில், விழுந்துகிடந்த மரம் ஒன்றுக்குப் பின்னால் படுத்திருந்தார்கள். நான்கு மணியளவில், மேட்டின் உச்சியில் ஒரு கிடாய் மான் வந்து நின்றது. அகன்ற கொம்பு. அசையவில்லை. நூற்றிருபது மீற்றர்கூட இருக்காது.

"சுடுங்கோ அன்ரி" என்று யோன் மூச்சுக்குள் சொன்னான். "சுடுங்கோ, சுடுங்கோ."

அன்ரி விரலை விசையில் வைக்கவில்லை. "அதுக்குப் பின்னாலை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. வானம்."

"வானத்துக்குக் கீழை?"

யோன் யோசித்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் அயல்காரரின் வீடு. காலையில் வரும்போது அந்த முற்றத்தில் இரண்டு பிள்ளைகளின் சைக்கிள்கள் கிடந்ததை அவனும் பார்த்திருந்தான். மான் தலையைக் குனிந்து, திரும்பி, இறங்கி மறைந்தது.

மூன்று வருடமாகச் சொன்ன பொய்களையெல்லாம் யோன் பகிடியாகத்தான் எண்ணியிருந்தான். ஆறு மான் சுட்டவன் பேச்சைக் கேட்டு இந்த மனுசி விசையை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

முக்கால் மணிநேரத்தின் பின், ஒரு பெட்டை மான் அப்பிள் கன்றுகளின் வரிசைக்கு இறங்கி வந்தது. அதற்குப் பின்னால் உயரமான மண்மேடு. அன்ரி அதையும் பார்த்தார், சுற்றவரவும் பார்த்தார். பிறகு சுட்டார். மான் நாலு அடி வைத்து, சரிந்தது.

அன்ரி துவக்கை வெறுமையாக்கி, பூட்டைத் திறந்து வைத்துவிட்டு, புல்லில் எழும்பி இருந்தார். "சரி, இனி மிச்ச வேலை, தம்பி."

"அதை நான் பார்க்கிறன், அன்ரி."

குடல் எடுக்கிற வேலையை யோன் ஏற்றுக்கொண்டான். மன்னாரில் பிறந்தவன், மீன் வெட்டிப் பழகிய கை என்று தைரியம். கத்தியை வைத்ததும் எழுந்த வெப்பமான மணத்தில் அவனுக்குக் கண் இருண்டது. மரத்தில் சாய்ந்து இருந்தான். அன்ரிதான் போனில் படம் பார்த்துப் பார்த்து, மருந்து எண்ணுகிற அதே நிதானத்தோடு வெட்டி முடித்தார். யோனுக்கு மிஞ்சிய வேலை சுமப்பது. நாற்பது கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு, தள்ளாடியபடி வாகனத்துக்கு நடந்தான். அன்ரி அதைப் படம் எடுத்தார்.

அந்தப் படம்தான் வினையாகியது. தோளில் மான், நெற்றியில் வியர்வை, பின்னால் அந்திச் சூரியன். வேட்டைக்காரன் என்றால் இவன்தான் என்று சொல்லும்படியான படம். அன்ரி அதை அன்னமலருக்கு அனுப்ப, அவள் சுற்றத்தாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டாள். வீடு வந்துசேர முன்னரே நாற்பது செய்தி. "ஏழாவது!" "கலக்கிறியள் அண்ணை!" "அடுத்த முறை எனக்கும் ஒரு தொடை!"

அன்ரியும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் ஒன்றும் எழுதவில்லை. பேருக்குக் கீழே 'ஒன்லைன்' என்று மட்டும் காட்டியது. யோன் வாசலில் காருக்குள் இருந்தபடியே எழுதினான்: "இது கமலேஸ்வரி அன்ரி சுட்டது. நான் சுமந்தது மட்டும். நான் இதுவரை ஒரு மானும் சுடேல்லை. முதல் சொன்ன ஆறும் பொய்." அனுப்பிவிட்டு, போனைத் தலைகீழாக மடியில் வைத்தான். அது விடாமல் அதிர்ந்தது. சிரிப்புப் படங்கள்தான் பெரும்பாலும். யாரோ மரக்குற்றியின் படம் ஒன்றைக்கூடத் தேடிப் போட்டிருந்தார்கள். அன்னமலர் எப்போதோ சொல்லிவிட்டாள் போல.

அடுத்த சனிக்கிழமை அன்ரி ஒரு ஐஸ்கிறீம் பெட்டியோடு வந்தார். அதற்குள் அவர் துவக்கால் சுட்ட கோதுகள். "என்ரை துவக்கு, என்ரை கோது. இனி இதிலை செய்வம். மருந்தை நான் நிறுக்கிறன்."

"முதல் இந்த அறுபதையும் பிரிக்கவேணும், அன்ரி."

"ஏன், உம்மடை துவக்குக்குச் சரிதானே?"

"சரி. ஆனா உங்கடை பேர் எழுதின பெட்டி. ஆராவது ஒருநாள் மாறி எடுத்தா?"

அன்ரி அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் தலையாட்டிய விதத்தில் இருந்து, தான் முதன்முறையாக ஒரு சரியான விஷயம் சொல்லியிருப்பதாக யோனுக்குப் பட்டது.

அறுபதையும் பிரிக்க மூன்று சனிக்கிழமை எடுத்தது. ஒவ்வொரு தோட்டாவாக இதற்கென்றே உள்ள, தலை பொள்ளலான ஒரு பிளாஸ்ரிக் சுத்தியலுக்குள் வைத்து, ரவை கழலும்வரை கட்டையில் அடிக்க வேண்டும். பக்கத்து வீட்டார் இரண்டு தரம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை அன்ரியோடு அவருடைய கணவர் தருமராசா அங்கிளும் வந்துவிட்டார். கராஜுக்குள் வரவில்லை. வெளியே கதிரையைப் போட்டு, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் ஒருதரம் குலுங்கியது. ஆனாலும் எழும்பிப் போகவில்லை.

அன்னமலர் குசினிக்குள் இருந்து மான் இறைச்சிப் பிரட்டலும் பாணும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு துண்டைக் கடித்து, நெடுநேரம் மென்றார்.

"தம்பி யோன்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "மனுசி அடுத்தமுறை வேட்டைக்கு எப்ப போகுதாம்?"