சேவலுக்குப் புதுக் குரல்

குழந்தைகளுக்கான ஒரு பாட்டுக் கார்ட்டூனில் கோழியம்மாவுக்குக் குரல் கொடுப்பவள் நான். சேவலப்பாவுக்குக் குரல் என் வீட்டுக்காரர். வீட்டுக்காரராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். என்னையும் மகளையும் விட்டுப் போய் வருஷம் ஒன்றாகிறது. மனிதர் வீட்டை விட்டுத்தான் போனார், கார்ட்டூனை விட்டுப் போகவில்லை.

அவர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால் ஆளுக்கொரு நேரத்தில் பதிவு. காலையில் அவர் பாடிவிட்டுப் போவார். மதியம் நான் அதே கண்ணாடி அறைக்குள் போய், கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டினால் காதுக்குள் அவர். "என் செல்லக் கோழியே" என்று குழைவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பதிலுக்குக் குழைந்து, கலகலவென்று சிரிக்க வேண்டும். விவாகரத்து கேட்டவளுக்கு இப்படியொரு தண்டனையை எந்தக் கோர்ட்டிலும் கொடுக்க மாட்டார்கள்.

விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று அக்கா கேட்காத நாளில்லை. எப்படி விடுவது? அப்பா எங்கே என்று மகள் தேம்பித் தேம்பி அழுத அன்று, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அப்பா டிவிக்குள் இருக்கிறார், தினமும் சாயங்காலம் வந்து உனக்காகப் பாடுவார் என்று. அன்றிலிருந்து அந்த ஐந்து வயசுக்காரி சாயங்காலமானால் டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். கோழிக்கு வேறு குரல் ஒத்துவராது, நான் விலகினால் ஜோடியையே கதையிலிருந்து தூக்கிவிடுவேன் என்கிறார் இயக்குநர். நான் பெற்ற பொய்க்கு நானே தீனி போட வேண்டியதாயிற்று.

ஒருநாள் ஹெட்போனில் சேவல் பாடியது. அதே குழைவு, அதே இழுப்பு. ஆனால் அவர் இல்லை. கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா, அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாராம், வேறு ஆளைப் பிடித்து அச்சு அசலாகப் பாட வைத்திருக்கிறார்களாம். எந்தக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். எனக்கு ஒரே ஒரு குழந்தையைப் பற்றித்தான் கவலை.

அந்தப் பாட்டு டிவிக்கு வரும்வரை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேவல் பாடியது. நான் டிவியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தேன். இமைகூட அசையவில்லை. முடிந்ததும், அப்பா நல்லா பாடினாரா என்று மெல்லக் கேட்டேன்.

"அது அப்பா இல்லம்மா. வேற யாரோ."

அப்பா டிவிக்குள் இல்லை என்பதும் அவளுக்கு எப்போதோ தெரியுமாம். சொன்னால் நான் அழுவேன் என்று சொல்லவில்லையாம். அப்புறம் எதற்கு தினமும் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"அதுலதான் நீ சிரிப்பே. அதுக்குத்தான்."

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். எத்தனை நாள் பாரம், ஒரு நொடியில் இறங்கியது. நாளைக்கே இயக்குநருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகிவிடலாம். இனிமேல் அம்மா இங்கேயே சிரிக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இப்படி இல்லம்மா," என்றாள். "டிவில சிரிக்கிற மாதிரி சிரி."