கால் திருப்பு

கிழக்கேகோட்டையில் கடிகாரம் பழுதுபார்க்கும் மைதீனுக்கு யார் வாயையும் எட்டிப் பார்க்கும் ஆசை கிடையாது. எலிசாள் டீச்சருக்காகத்தான் பார்த்தான். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் லீலாபாய், எண்பத்தொன்றில் அம்மாவை அங்கே அழைத்துப்போய், மேல்தாடை எலும்பில் ஓர் உலோகத் தண்டைப் பதிய வைத்து, அதன்மேல் முன்பல்லைப் பூட்டி அனுப்பியிருந்தாள். தண்டையும் பல்லையும் சேர்த்துப் பிடிப்பது எள்ளளவு திருகாணி ஒன்று. ஐந்து வருஷத்தில் அது லூஸாகிவிட்டது. அதைத் திருகும் சாவி தங்களிடம் இல்லையென்று ஊரில் இரண்டு பல் டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"சனிக்கிழம லீலா வருவா. ஆசப்பட்டு வச்சுத் தந்த பல்லு, அது ஆடிக்கிட்டு நின்னா அவ மனசு தாங்குமா மைதீனே?"

"ஆணி உள்ள ஒடிஞ்சா எடுக்க எங்கிட்ட வழியில்ல டீச்சர். பின்ன அந்தப் பல்லு நிக்கவே நிக்காது, கேட்டீளா."

"நீ ஒடிக்க மாட்ட."

அந்த நம்பிக்கைதான் அவனைக் கெடுத்தது. பல்லின் பின்பக்கத் துளைக்குள் சின்னத் திருப்புளியை விட்டு முறுக்கினான். பிடித்துக்கொண்டது. சும்மா இருந்திருக்கலாம், பாவி. மகள் வரும்வரை அசையக்கூடாதே என்று இன்னொரு கால் திருப்பு கொடுத்தான். திருப்புளி சட்டென்று லேசானது. முப்பது வருஷத் தொழிலில் அந்த லேசு என்னவென்று அவனுக்குத் தெரியும்.

அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடிகாரக் கண்ணாடி ஒட்டும் பசையைத் தடவிப் பல்லை அழுத்தி வைத்தான்.

"செரியாச்சு. அதால ஒண்ணும் கடிக்காதீங்க."

டீச்சர் அவனைக் கர்த்தர் பெயரால் ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். லீலாபாய் கைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தாள்.

"அஞ்சு வருஷமானா ஆணி தளரும், மாத்தணும்னு அங்க டாக்டர் முன்னமே சொன்னதுதான். புது ஆணியும் சாவியும் கொண்டுவந்திருக்கேன். சாவி இருந்தா மாத்தித் தரேன்னு இங்குள்ள டாக்டரும் சொல்லியாச்சு. நான் வாறவரைக்கும் நீங்க தாங்க வச்சீங்களே, அதுக்கு நன்றி சொல்லணும்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க."

மைதீன் பொட்டலத்தை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். எதிரே டீச்சர், பசையில் நிற்கும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது ஏறாது மோளே," என்றான். "பழசு உள்ள ஒடிஞ்சு கெடக்கு. ஒடிச்சது நான்."

டீச்சர் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.